தொடுக்கப்படாத வழக்குகள்

நான் வழக்கறிஞன் அல்லன், கணக்கன். நியூயார்க்கில், வெள்ளைக்காலர் குற்றங்களுக்காக, அதாவது அலுவலக மேசையிலிருந்தே செய்யும் மோசடி போன்றவற்றுக்காக, விசாரிக்கப்படுபவர்களின் தரப்பில் ஆஜராகும் வழக்கறிஞர்களுக்குக் கணக்குப் புத்தகங்களையும் வங்கி ஏடுகளையும் படித்துச் சொல்வது என் பிழைப்பு. அந்த வழக்கறிஞர்களில் ஒருவரோடுதான் மற்ற எல்லாரையும்விட அதிகமாக வேலை செய்திருக்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. முன்னாள் அரசுத் தரப்பு வழக்கறிஞர். உரிமையியல் வழக்கு, குற்றவியல் வழக்கு இரண்டிலும் பழுத்தவர். அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. எழுத உட்கார்ந்தால் ஒரு சங்கடம் எழுகிறது: அவர் செய்த மிகச் சிறந்த வேலைகளுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. வழக்கு எண் இல்லை, தீர்ப்பு இல்லை, பத்திரிகைச் செய்தியும் இல்லை. அவர் ஜெயித்தவை பெரும்பாலும் தொடுக்கப்படாத வழக்குகள்.

ஒரு கணக்கனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அதற்கு லூயிஸ் கோவெல் என்பவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வருமான வரித் துறையை விட்டு விலகி ஒரு வரிச் சட்ட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த கணக்கர் அவர். கட்சிக்காரர் ஒருவரைப் பற்றி கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழு) கேட்டபோது, அது வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான இரகசியம் என்று பதில் சொல்ல மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஓராண்டுச் சிறை விதித்தார்கள். 1961 இல் மேல்முறையீட்டு நீதிபதி ஹென்றி ஃப்ரெண்ட்லி அந்தத் தண்டனையை ரத்து செய்தார். கணக்கியல் சில வழக்கறிஞர்களுக்கு ஏறக்குறைய எப்போதும், ஏறக்குறைய எல்லா வழக்கறிஞர்களுக்கும் சில சமயம், அந்நிய மொழி. கட்சிக்காரர் பேசும் மொழி புரிவதற்காக அறையில் மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தால் இரகசியம் கலைந்துவிடுவதில்லை அல்லவா, கணக்கரை வைத்தாலும் அப்படித்தான் என்பது அவர் வாதம். இன்றும் என்னைப் போன்றவர்களை அமர்த்தும் கடிதத்துக்குத் தொழிலில் ‘கோவெல் கடிதம்’ என்றே பெயர். கணக்கர்களை இவ்வளவு கௌரவமாக நடத்திய தீர்ப்பு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

அறைக்குள் என்னை உட்கார வைக்கும் அதே சட்டம் என் வாயையும் கட்டுகிறது. ஆகவே இங்கே எந்தக் கட்சிக்காரரின் கதையும் வராது. ஊரறிந்த வழக்குகளும், தொழில் நடக்கும் விதமும்தான் வரும்.

நான் சொல்லவந்த வழக்கறிஞர் வந்த பாதை இந்தத் தொழிலில் பலரும் வருகிற பாதைதான். சட்டக் கல்லூரி, ஒரு கூட்டாட்சி நீதிபதியிடம் எழுத்தராகப் பணி, பிறகு அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகம், அதன் பின் தனியார் நிறுவனம். நேற்றுவரை சிறைக்கு அனுப்பியவர் இன்று காப்பாற்ற வருகிறாரே என்று வெளியாள்களுக்கு இது கட்சி தாவுவதுபோலத் தெரியும். உள்ளே இருப்பவர்கள் அப்படி நினைப்பதே இல்லை. ஒரு காலத்தில் பெரிய வால் ஸ்ட்ரீட் சட்ட நிறுவனங்கள் குற்றவியல் வழக்கைத் தொடுவதே இழுக்கு என்று ஒதுங்கியிருந்தன. அதிபர் நிக்சனை வீழ்த்திய வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு நிலைமை மாறியது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் தீவிரம் காட்டியது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1977 இல் வந்தது. நிறுவன அதிகாரிகள் முதன்முறையாகச் சிறையை நினைத்து அஞ்சத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் ராபர்ட் மார்வில்லோ போன்ற முன்னாள் அரசு வழக்கறிஞர்கள்தான் இந்தத் துறையை ஒரு துறையாக உருவாக்கினார்கள். பெரிய நிறுவனங்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன, கட்டணத்தைக் கண்டு.

எதிர்முகாமில் இருந்தது அவருக்கு எப்படி உதவுகிறது என்று ஒருமுறை கேட்டேன். ஆள் பழக்கம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். “ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போகும் இளம் அரசு வழக்கறிஞருக்கு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் வேர்க்கும் என்று எனக்குத் தெரியும். நான் அந்தக் கேள்வியை மட்டும் தயார் செய்கிறேன்” என்றார்.

வெள்ளைக்காலர் வழக்கு மற்றக் குற்ற வழக்குகளிலிருந்து வேறுபடும் இடம் இதுதான். கொள்ளை வழக்கில் குற்றம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். யார் செய்தது என்பதுதான் கேள்வி. இங்கே யார் செய்தது என்பது முதல் நாளே தெரியும், கையெழுத்து இருக்கிறது. நடந்தது குற்றமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு அரசு விடை தேடும் மாதங்களில்தான், சில சமயம் ஆண்டுகளில்தான், வழக்கறிஞரின் வேலை முழுவதும் நடக்கிறது. கென்னத் மான் என்ற ஆய்வாளர் நியூயார்க்கின் இந்த வழக்கறிஞர்களை அருகிலிருந்து கவனித்து 1985 இல் வெளியிட்ட ஆய்வின் சாரமும் அதுதான்: இவர்களுடைய முதன்மையான வேலை, குற்றச்சாட்டு எழுவதற்கு முன்பே எந்தத் தகவல் அரசின் கைக்குப் போகிறது, எந்த வடிவில் போகிறது என்பதைக் கட்டுப்படுத்துவது.

முதல் தொலைபேசி அழைப்பு எப்போதும் ஒரே கேள்வியோடு தொடங்குகிறது. என் கட்சிக்காரர் எந்த வகை? அமெரிக்க அரசு வழக்கறிஞர்களின் வழக்கில் மூன்று வகைகள் உண்டு. சாட்சி, விசாரணையின் எல்லைக்குள் நடத்தை வருபவர், இலக்கு. கடைசி வகை என்றால் அவரைக் குற்றத்தோடு இணைக்கும் கணிசமான ஆதாரம் கையில் இருக்கிறது என்று பொருள். முதல் வகையில் இருப்பவர் இரண்டாம் வகைக்கு நழுவுவதை யாரும் அறிவிக்க மாட்டார்கள். அரசு வழக்கறிஞர் பதில் சொல்லும் முன் எடுக்கும் இடைவெளியிலிருந்து அவர் அதைக் கணிப்பார்.

அடுத்தது, பேசுவதா வேண்டாமா என்ற முடிவு. படித்தவர்களுக்கும் பதவியில் இருப்பவர்களுக்கும் ஒரு நோய் உண்டு: தாங்கள் நேரில் விளக்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. கூட்டாட்சி அதிகாரியிடம் முக்கியமான ஒன்றைப் பற்றித் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம். சாதாரணமாக ஐந்தாண்டு வரை சிறை. சத்தியப் பிரமாணம் எடுத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தொலைக்காட்சிப் பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட் 2004 இல் தண்டிக்கப்பட்டது எதற்காக என்று கேட்டால் பலரும் உள்தகவல் வர்த்தகம், அதாவது வெளியாருக்குத் தெரியாத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பது, என்பார்கள். குற்றவியல் வழக்கில் அந்தக் குற்றச்சாட்டே அவர்மீது வைக்கப்படவில்லை. பங்கு மோசடி என்று வைத்த ஒன்றையும் நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். மிஞ்சியது சதி, விசாரணைக்கு இடையூறு, பொய் வாக்குமூலம். பங்கை விற்றதற்காக அல்ல, விற்றதைப் பற்றிப் பேசியதற்காக ஐந்து மாதம் சிறையில் இருந்தார். அவருக்காக வாதாடியவர் மேலே சொன்ன அதே மார்வில்லோ. ஆனால் அந்தப் பேச்சு நடந்து முடிந்து நெடுநாள் ஆகியிருந்தது.

பேசித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால் அதற்கும் ஒரு சடங்கு இருக்கிறது. அதைப் ‘புரோஃபர்’ என்பார்கள். கட்சிக்காரர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய், ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு, தெரிந்ததைச் சொல்கிறார். சொன்னதை நேரடியாக அவருக்கு எதிரான முதன்மைச் சாட்சியமாக வைக்க மாட்டோம் என்கிறது கடிதம். படித்தவுடன் தாராளமாகத் தெரியும். அடுத்த பத்தியில் அது சுருங்கிவிடுகிறது. சொன்னதிலிருந்து கிடைக்கும் துப்பைப் பின்தொடரலாம். பின்னால் மாற்றிப் பேசினால் முழுவதையும் எடுத்து வைக்கலாம். அதனால் புரோஃபருக்குப் போனவர் நடைமுறையில் விசாரணை மன்றத்தில் தன் தரப்பைப் பாதி இழந்தவர். இதற்கு முந்தைய வாரங்களில் அவர் கட்சிக்காரரைத் தயார் செய்யும் விதத்தைப் பார்த்தவர்கள் அவரை இரக்கமற்றவர் என்பார்கள். ஒரே மின்னஞ்சலை மேசையில் வைத்து, ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். கோபம் வரும், அழுகை வரும், பிறகு சலிப்பு வரும். சலிப்பு வந்த பிறகு சொல்வதுதான் உண்மை என்பது அவர் நம்பிக்கை. உரிமையியல் வழக்குகளில் நூற்றுக்கணக்கான சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த பழக்கம் இங்கேதான் பயன்படுகிறது, தன் சொந்தக் கட்சிக்காரர்மீது.

நிறுவனத்துக்காக ஆஜராகும்போது இன்னொரு கொடுமை இருக்கிறது. நிறுவனத்தின் வழக்கறிஞரோடு ஊழியர்கள் பேசுவதும் இரகசியப் பாதுகாப்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1981 இல் அப்ஜான் வழக்கில் சொன்னது. ஆனால் அந்த இரகசியம் நிறுவனத்தின் சொத்து. எனவே விசாரணை தொடங்கும்முன் ஊழியரிடம் சொல்லியாக வேண்டும்: நான் உங்கள் வழக்கறிஞர் அல்ல, நீங்கள் சொல்வதை நிறுவனம் விரும்பினால் அரசிடம் கொடுத்துவிடலாம். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். எவரும் அதைக் காதில் வாங்குவதாக எனக்குத் தோன்றியதில்லை. அன்பான குரலில் பேசும் ஒரு மூத்த வழக்கறிஞர் எதிரே உட்கார்ந்திருந்தால், அவர் தனக்காக வந்தவர் என்றுதான் மனிதர்கள் நினைக்கிறார்கள்.

இதற்குப் பிறகு என் முறை. கூட்டாட்சி நீதிமன்றத்தில் மோசடிக்கான தண்டனையைக் கணக்கிட ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது. 1987 முதல் நடைமுறையில் உள்ளது. 2005 க்குப் பிறகு நீதிபதிகளை அது கட்டாயப்படுத்துவதில்லை என்றாலும் எல்லாரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அதில் மோசடியின் இழப்புத் தொகைக்கு ஓர் அட்டவணை உண்டு. 2015 இல் திருத்தப்பட்ட வடிவில், பெரிய மோசடிக்கு அடிப்படைப் புள்ளி 7. இழப்பு 6,500 டாலரைத் தாண்டினால் 2 புள்ளி கூடும். 35 லட்சம் டாலரைத் தாண்டினால் 18. 95 லட்சத்தைத் தாண்டினால் 20. 55 கோடி டாலரைத் தாண்டினால் 30.

இதை மனிதக் கணக்காக மாற்றிப் பாருங்கள். முன்குற்றம் எதுவும் இல்லாத ஒருவர். இழப்பு 94 லட்சம் டாலர். வேறெந்தக் கூட்டலும் கழித்தலும் இல்லையென்றால் மொத்தம் 25 புள்ளி; அட்டவணை சொல்லும் தண்டனை 57 முதல் 71 மாதங்கள். இழப்பு 96 லட்சம் என்றால் 27 புள்ளி. 70 முதல் 87 மாதங்கள். கீழ் வரம்பில் மட்டும் பதின்மூன்று மாத வித்தியாசம். அந்த இரண்டு லட்சம் எங்கே இருக்கிறது? திருப்பிக் கொடுத்த வட்டியைக் கழிப்பதா, ஈட்டுச் சொத்தின் மதிப்பை எந்தத் தேதியில் எடுப்பது, பங்கு விழுந்ததற்கு மோசடி எவ்வளவு காரணம், சந்தையே விழுந்தது எவ்வளவு காரணம் என்பதில் இருக்கிறது. இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட ஒரே சரியான விடை கிடையாது. ஒரு விரிதாளின் ஒரு நெடுவரிசையில், ஒருவருடைய குழந்தை பள்ளியில் சேரும்போது அவர் வீட்டில் இருப்பாரா என்பது ஒளிந்திருக்கிறது. வணிகம் படித்தபோது இப்படி ஒரு வேலைக்கு வருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இத்தனையும் சேர்த்து ஓர் எழுத்து வாதமாக்கி அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கொடுக்கிறார்கள். பிறகு காத்திருப்பு. வழக்குத் தொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் அதைக் கடிதமாகத் தர வேண்டிய கடமை அரசுக்கு இல்லை. சில சமயம் தொலைபேசியில் சொல்வார்கள். பல சமயம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலான கூட்டாட்சிக் குற்றங்களுக்குக் காலவரம்பு ஐந்தாண்டு. வங்கி மோசடிக்குப் பத்தாண்டு. அந்தக் காலம் முடியும்வரை கட்சிக்காரர் கதவு தட்டும் ஓசைக்கு அஞ்சிக்கொண்டிருப்பார். முடிந்த மறுநாள் கொண்டாட ஒன்றும் இருக்காது. வழக்கறிஞரைப் பாராட்டியும் எழுத மாட்டார். தான் விசாரிக்கப்பட்டது தெரியக் கூடாதே.

தொடுக்கப்பட்ட வழக்குகளோ அநேகமாகத் தோற்கும் வழக்குகள். 2022 நிதியாண்டில் கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நீதிமன்ற விசாரணை வரை போனவர்கள் 2.3 விழுக்காடு. சுமார் 72,000 பேரில் விசாரணையில் விடுதலையானவர்கள் 290 பேர்.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம். கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினம், கேலியன் முதலீட்டு நிதியத்தின் தலைவர், 2009 அக்டோபரில் கைதானார். மாஃபியாவுக்கும் போதைப்பொருள் கும்பல்களுக்கும் எதிராகப் பயன்படுத்திவந்த தொலைபேசி ஒட்டுக்கேட்பை அரசு உள்தகவல் வர்த்தகத்தில் பெரிய அளவில் இறக்கிய வழக்கு அது. அவருடைய வழக்கறிஞர்களின் உண்மையான போர் ஜூரிக்கு முன்பு நடக்கவில்லை; ஒட்டுக்கேட்ட பதிவுகளை விலக்கக் கோரிய மனுவில் நடந்தது. பங்குச் சந்தை ஆணையம் ஏற்கெனவே வழக்கமான வழிகளில் விசாரித்து வந்ததை, ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கும்போது அரசு சொல்லாமல் விட்டிருந்தது. நீதிபதி ரிச்சர்ட் ஹோல்வெல் அதைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்துவிட்டு, பதிவுகளை அனுமதித்தார். தன் குரலே தனக்கு எதிராக நீதிமன்றத்தில் ஒலிக்கும்போது எந்த வழக்கறிஞரும் செய்வதற்கு அதிகம் இல்லை. 2011 இல் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி, பதினோராண்டுச் சிறை, ஒரு கோடி டாலர் அபராதம்.

அதே விசாரணையில் சிக்கிய ரஜத் குப்தாவின் வழக்கு எனக்கு இன்னும் சுவாரசியமானது, தோற்றபிறகு நடந்த வேலைக்காக. கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியின் இயக்குநராக இருந்து ராஜரத்தினத்துக்குத் தகவல் கொடுத்தார் என்று 2012 ஜூனில் ஜூரி முடிவு செய்தது. வழக்கறிஞர் கேரி நஃப்டாலிஸ் குப்தாவின் பொதுத் தொண்டைச் சான்றாக வைத்து, நானூறுக்கும் மேற்பட்ட கடிதங்களைக் கொடுத்தார். பில் கேட்ஸ், கோஃபி அன்னான் கடிதங்களும் அவற்றில் இருந்தன. சிறைக்குப் பதிலாக ருவாண்டாவில் தொண்டு செய்யட்டும் என்றுகூட ஒரு யோசனை. நீதிபதி ஜெட் ரேகாஃப் ருவாண்டாவை ஏற்கவில்லை. வழிகாட்டிக் கணக்கு 78 மாதத்தில் தொடங்கியது. அவர் கொடுத்தது 24 மாதம். இந்தத் தொழிலின் அளவுகோலில் அது பெரிய வேலை. செய்தித்தாள்களில் அது தோல்வி என்று மட்டும் வந்தது.

மேல்முறையீட்டில் வெல்வதும் உண்டு. மோசடிச் சட்டங்களை அரசு நீட்டி விரிக்கும்போது உச்ச நீதிமன்றம் பலமுறை வெட்டிச் சுருக்கியிருக்கிறது: 2010 இல், மோசடியால் சரிந்த எரிசக்தி நிறுவனமான என்ரானின் முன்னாள் தலைவர் ஸ்கில்லிங் வழக்கு, 2016 இல் வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர் மெக்டானல் வழக்கு, 2023 இல் கட்டட ஒப்பந்தக்காரர் சிமினெல்லி வழக்கு. ஆனால் அங்கே வெல்ல முதலில் கீழே தோற்க வேண்டும். ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தைக் கேளுங்கள். உலகெங்கும் சுமார் 85,000 பேர் வேலை செய்த தணிக்கை நிறுவனம்; என்ரான் ஆவணங்களை அழித்ததற்காக 2002 இல் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டது. 2005 இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தபோது வேலைக்குத் திரும்ப அலுவலகமே இல்லை. எங்கள் தொழிலில் என் வயதுக்காரர்கள் பலர் அங்கே பயிற்சி பெற்றவர்கள். அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மாறும்.

இப்படிப்பட்டவர்களைக் காப்பாற்ற உங்களுக்கு மனம் வருகிறதா என்று என் வழக்கறிஞரிடம் விருந்துகளில் கேட்பதுண்டு. அவருக்கு அது அலுத்துப்போன கேள்வி. எனக்கும் அது தவறான கேள்வியாகவே படுகிறது. குற்றவாளிக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. என் மனத்தாங்கல் காலத்தைப் பற்றியது. அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம் தரும் வழக்கறிஞர் உரிமை, முறையான குற்றவியல் நடவடிக்கை தொடங்கிய பிறகே பிறக்கிறது. வெள்ளைக்காலர் வழக்கிலோ எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்த முந்தைய காலத்தைப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அது எவ்வளவு பெரிய பணம் என்பதற்கு கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனத்தின் வழக்கு சாட்சி: குற்றம் சாட்டப்பட்ட தன் முன்னாள் கூட்டாளிகளின் வழக்குச் செலவை நிறுவனம் ஏற்கக் கூடாது என்று அரசு நெருக்கியது. நன்றாகச் சம்பாதித்த அவர்களாலேயே சொந்தப் பணத்தில் வழக்காட முடியவில்லை. நீதிபதி லூயிஸ் கேப்லன் பதின்மூன்று பேர்மீதான வழக்கைத் தள்ளுபடி செய்ய, 2008 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவர்கள் நிலையே அப்படியென்றால், நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாத ஆள் என்ன செய்வார்?

இதை அவரிடம் சொன்னால் மறுக்க மாட்டார். வசதியற்றவர்களுக்கு நீதிமன்றம் நியமிக்கும் தனியார் வழக்கறிஞர்களின் பட்டியல் ஒன்று, 1964 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி, கூட்டாட்சி நீதிமன்றங்களில் உண்டு. அவர் நெடுங்காலமாக அதில் இருக்கிறார். அரசு தரும் கட்டணம் அவர் வழக்கமாக வாங்குவதில் சிறு பகுதி. தொண்டு என்று அவர் அதைச் சொல்வதில்லை. நிறுவனத்தின் இளம் வழக்கறிஞர்கள் ஜூரியின் முகத்தைப் பார்க்காமலேயே கூட்டாளிகள் ஆகிவிடுகிறார்கள், அவர்களுக்கு விசாரணை மன்றம் எப்படி இருக்கும் என்று காட்ட வேறு வழியில்லை என்பார்.

அண்மை ஆண்டுகளில் அப்படி வந்தவற்றில், பெருந்தொற்றுக் காலத்தில் ஊழியர் சம்பளத்துக்கென்று அரசுத் திட்டத்தில் நிறுவனங்கள் வாங்கிய கடன்களில் மோசடி என்ற வழக்குகள் நிறைய. 2022 இல் அவற்றுக்கான காலவரம்பைப் பத்தாண்டாக நீட்டிவிட்டார்கள், இன்னும் வரும். இந்தக் கோப்புகளைத் திறந்தால் மேலே இருப்பது பெரும்பாலும் 302 என்ற எண்ணுள்ள படிவம்: எஃப்பிஐ அதிகாரி தன் சொற்களில் எழுதிவைத்த வாக்குமூலச் சுருக்கம். கைது செய்யாமல் நடத்தும் விசாரணையை அவர்கள் பொதுவாக ஒலிப்பதிவு செய்வதில்லை. காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றவர்களை உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருப்பார் மனிதர். வழக்கறிஞர் வருவதற்குள் புரோஃபர் முடிந்தாயிற்று, கடிதம்கூட இல்லாமல். என் வழக்கறிஞர் அந்தத் தாளை எனக்கு அனுப்பி, “தொகையில் ஏதாவது செய்ய முடியுமா?” என்று கேட்பார். கடனில் எவ்வளவு உண்மையிலேயே ஊழியர்களின் சம்பளமாகப் போயிற்று என்று வங்கி ஏட்டிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பிரித்தெடுப்பேன். சில கோப்புகளில் அட்டவணையில் ஒரு படி இறங்கும்.